பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய இயந்திரம்

தக்காளி வாங்கும்போது கூடையின் மேலே இருப்பவற்றை நான் தொடுவதில்லை. பெங்களூரு அடுகோடியில் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போடும் லட்சுமம்மாவுக்கு இது தெரியும். நான் கையை உள்ளே விட்டுத் துழாவும்போதெல்லாம், "நிமகே சந்தேகம் ஜாஸ்தி சார்", உங்களுக்குச் சந்தேகம் அதிகம் என்று சிரிப்பாள். ஜாஸ்திதான். நேற்றைய மிச்சமும் இன்றைய வரவும் ஒரே கூடையில் கலந்திருக்கும். பளபளப்பானவை மேலே வந்து உட்கார்ந்திருக்கும். மொத்தமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு நல்ல தக்காளி என்று வாங்கிப் போகிறவர் வீட்டில்தான் சீக்கிரமே பாதி அழுகும். இதில் ஏமாற்று என்று ஒன்றும் இல்லை. பார்க்கத் தெரியாதவர்கள் வாங்கினால் அவள் என்ன செய்வாள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இன்ஸ்பெக்டர் நாகேஷ். "நிம் கெலசா ஏனு சார்? எனக்குப் புரியற மாதிரி பரீரி" என்று கேட்டுக்கொண்டார். என் வேலை என்ன என்று அவருக்குப் புரியும்படி எழுத வேண்டுமாம். தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார். மரியாதையான மனிதர். பேனாவை நீட்டினார். எழுதுகிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். அதையும் அவர் கவனித்தார்.

என் பெயர் ஆதிகேசவன். சொந்த ஊர் ராணிப்பேட்டை. பெங்களூரு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. ஹெப்பகோடியில் வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் நம்பகத்தன்மைப் பிரிவுக்கு நான் தலைவர். அறையில் உள்ள காற்றை இழுத்து, ஆக்ஸிஜனை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற இயந்திரம் அது. நுரையீரல் தேய்ந்துபோனவர்கள் இரவும் பகலும் அதை மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஓர் இயந்திரம் எவ்வளவு காலம் ஓடும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. ஜோசியம் இல்லை. பல இயந்திரங்களை ஓடவிட்டு, எது எப்போது நின்றது என்று புள்ளி வைப்போம். வெய்புல் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கான தாளில் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால், எல்லாமே ஒரே ரகம், ஒரே காரணத்தால் நிற்கின்றன என்று அர்த்தம். கோடு நடுவில் முழங்கை போல மடங்கினால் உள்ளே இரண்டு கூட்டம் கலந்திருக்கிறது. ஒன்று, சீக்கிரம் சாகிற சின்னக் கூட்டம். இன்னொன்று, வயதாகிச் சாகிற பெரிய கூட்டம். அவசரக்காரர்கள் அந்த மடிப்பின் மேலேயே ஸ்கேலை வைத்து ஒரே கோடாக இழுத்துவிட்டு, சராசரி ஆயுள் இத்தனை வருடம் என்று சொல்லிவிடுவார்கள். சராசரி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சின்னக் கூட்டத்தில் ஒன்று கையில் வந்து சேர்ந்தவருக்குச் சராசரியால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

கலந்த இரண்டையும் பிரித்தெடுக்க நான் ஒரு முறை உண்டாக்கினேன். அதைச் சோதிக்க உண்மையான இயந்திரங்கள் நிற்கும்வரை காத்திருந்தால் வருடக்கணக்கில் ஆகும். ஆகவே கணினிக்குள் பொய் இயந்திரங்களைச் செய்தேன். நூற்றுக்கு ஆறு பலவீனமானவை, மற்றவை உறுதியானவை என்று நானே முடிவு செய்து, இரண்டையும் கலந்து, ஆயிரக்கணக்கில் ஓடவிட்டேன். பொய்த் தரவில் ஒரு சுகம் இருக்கிறது. எது எந்தக் கூட்டம் என்ற உண்மை, செய்தவனுக்குத் தெரியும். யாரும் எதையும் மறைக்க முடியாது. கணக்கு பிரித்துக் கொடுத்ததையும் நான் கலந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக அப்படியே இருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. அன்று மண்டபத்துக்காரர்மேல் சந்தேகமாக இருந்தது.

அதை டைரக்டருக்கும் மற்ற பிரிவுத் தலைவர்களுக்கும் விளக்கிக் காட்டினேன். சர்வீஸ் பிரிவுத் தலைவர் லாயிட் என் வயதுக்காரன். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். வாய் ஓயாது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"கேசவா, நீயே கலக்கறே, நீயே பிரிக்கறே. அப்புறம் கரெக்ட்டா பிரிச்சுட்டேன்னு நீயே மார்க்கும் போட்டுக்கறே. என் பையன்கூட வீட்ல இப்படித்தான் டீச்சர் வெளையாட்டு ஆடறான்."

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் பிரிவிலேயே ஆறு வருடமாக வேலை செய்யும் கிருத்திகா மடிக்கணினியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. மத்தியானம் கேண்டீனில் லாயிட் தட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பேஜார் பண்ணிக்காதே, சும்னே சொன்னேன்" என்று தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தான்.

நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இதை நாகேஷ் அவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். பழிவாங்கல் என்ற கோணத்தில் இதைப் பார்த்தால் எதுவும் புரியாது. லாயிட் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பொய் இயந்திரத்தை வைத்து உண்மையை நிரூபிக்க முடியாது. நிஜ இயந்திரம் வேண்டும்.

அது தானாகவே வந்தது. கம்ப்ரஸருக்குள் இருக்கும் மெல்லிய வால்வுத் தகட்டைப் புது ஆள் ஒருவரிடம் வாங்க ஆரம்பித்திருந்தோம். எல்லோரும் விலை குறைந்தது என்று மகிழ்ந்தார்கள். நான் சந்தேகப்பட்டேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வோர் இயந்திரத்தையும் முதல்முறை ஓட்டும்போது அது இழுக்கும் கரண்டைக் கவனித்தேன். பெரும்பாலானவை சீராக எழும்பி நின்றன. மிகச் சிலவற்றில் மட்டும் எழும்பும்போது ஒரு நடுக்கம் தெரிந்தது. இரண்டைப் பிரித்துப் பார்த்தேன். தகட்டின் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் இருந்தது. ஓட ஓட அது நீளும். ஒருநாள் தகடு உடையும், கம்ப்ரஸர் நிற்கும். எண்ணிக்கையைப் பார்த்தேன். நூற்றுக்கு ஆறுக்குப் பக்கத்தில் வந்தது. நான் கணினிக்குள் சும்மா வைத்துப் பார்த்த அதே ஆறு. 

எங்கள் ஆலையில் முறை எளிமையானது. சோதனையில் தேறினால் பச்சை ஸ்டிக்கர், தேறாவிட்டால் சிவப்பு. சிவப்பு ஒட்டியதை ஓரம் கட்டிப் பிரித்துவிடுவார்கள். நான் அந்த நடுக்கத்தைப் பற்றி வாயைத் திறந்திருந்தால் எல்லாவற்றுக்கும் சிவப்பு விழுந்திருக்கும். என் கடமை அதுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓரம் கட்டிய இயந்திரம் வாய் திறந்து எதையும் சொல்வதில்லை. இது சீக்கிரம் சாகும் என்று நான் சொல்கிறேன். சாவதற்கு முன்பே அதை உடைத்துப் போட்டுவிட்டால் நான் சொன்னது சரியா தவறா என்று யாருக்குத் தெரியும்? லாயிட் மறுபடியும் நாற்காலியில் சாய்ந்துகொள்வான். அதனால் அவற்றுக்கும் பச்சையே ஒட்டினேன். என் கையால் ஒட்டினேன். வேறு யாரையும் இதில் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆபத்தை நான் யோசிக்காமல் இல்லை. நின்றால் கத்துவதற்கு இயந்திரத்தில் அலாரம் உண்டு. அவசரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறோம், தடித்த எழுத்தில். கையேட்டைப் படிக்காதவர்களுக்கு நான் பொறுப்பேற்க முடியாது.

அவை கோலாருக்கும் ஓசூருக்கும் மைசூருக்கும் போயின. நான் காத்திருந்தேன். அப்போதுதான் லாயிட்மேல் எனக்கு உண்மையான சந்தேகம் வந்தது. நின்றுபோன இயந்திரங்கள் அவன் பிரிவு வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். வந்தவற்றுக்கெல்லாம் அவன் ஆட்கள் கரண்ட் பிரச்சினை, தூசி, கஸ்டமர் சரியாக உபயோகிக்கவில்லை என்று ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி, கம்ப்ரஸரையே முழுதாக மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் ஓடியது என்று யாரும் பார்க்கவில்லை. என் புள்ளிகளை அவன் வேண்டுமென்றே அழிக்கிறான் என்று நினைத்தேன். ஓசூரில் ஒரு வீட்டிலிருந்து, என் சின்னக் கூட்டத்தைச் சேர்ந்த ஓர் இயந்திரத்தை, இனித் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஏன் தேவையில்லை என்று நான் விசாரிக்கவில்லை. அப்போது அது ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை ஒருவரும் குறித்துவைக்கவில்லை. அன்று முழுக்க எனக்குக் கோபமாக இருந்தது.

இந்த நிலையில்தான் லாயிட் என் மேஜைக்கு வந்து நின்றான். அவன் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி எப்போதும் ஆக்ஸிஜன் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். சிலிண்டர் மாற்றி மாற்றி வீட்டில் எல்லோரும் களைத்துப் போயிருந்தார்கள். வழக்கமான சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

"சர்வீஸ்ல இருந்து பார்த்துப் பார்த்து எனக்கு எந்த மிஷின் மேலயும் நம்பிக்கை இல்ல கேசவா. நீயே பார்த்து ஒண்ணு எடுத்துக் குடு. உன் சந்தேக புத்தி ஓகேன்னு சொன்ன மிஷின்தான் எங்கப்பாவுக்கு வேணும்."

இவன் ஏன் என்னிடம் வருகிறான் என்று யோசித்தேன். எனக்கு எது எது பலவீனம் என்று தெரியும் என்பதை மோப்பம் பிடித்துவிட்டானோ? நான் நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தால், அதையே பிடித்துக்கொண்டு, அப்படியானால் மற்றவர்களுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்பானோ? அப்படியெல்லாம் அவன் நினைக்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. தவிர, ஓசூர்க்காரருக்குக் காட்டாத சலுகையை ரிச்சர்ட்ஸ் டவுனுக்குக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எல்லோருக்கும் ஒரே கணக்குதான்.

அதனால் தேர்வைக் கணினியிடம் விட்டேன். கிடங்கில் அனுப்பத் தயாராக இருந்த எல்லா இயந்திரங்களின் எண்களையும், நல்லது கெட்டது பார்க்காமல், அதற்குள் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொன்னேன். அது எடுத்தது சின்னக் கூட்டத்தில் ஒன்று. எனக்கும் லாயிட் அப்பாவுக்கும் எந்த விரோதமும் இல்லை. அவரை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை. அவர் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் எப்போது, எத்தனை மணி நேரம் ஓடி நின்றது என்பதைத் துல்லியமாகப் பார்த்துச் சொல்ல லாயிட்டைவிடத் தகுந்த ஆள் கிடைக்கமாட்டான் என்று எனக்குத் தோன்றியது உண்மை. அது இயந்திரம் தேர்வான பிறகு தோன்றியது.

நானே காரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உயரமான கூரை வைத்த பழைய வீடு. மாடியை வாடகைக்கு விட்டிருந்தார்கள். லாயிட்டின் அப்பா சாலமன், கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். ஆனால் பேசுவதை விடவில்லை. மகனுக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

"தம்பி, இது ரொம்ப சத்தம் போடுமா? எங்க மருமகளோட... சீரியலுக்குப் போட்டியா... இருக்கக் கூடாது பாரு."

"கம்முனுதான் ஓடும் அங்கிள்" என்றேன். போட்டுக் காட்டினேன். குழாயை மூக்கில் பொருத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவர் உதட்டின் நிறம் மாறியது. எனக்கே அதைப் பார்க்க நன்றாக இருந்தது.

"எத்தினி வருஷம் வரும் இது?"

"சராசரியா ஏழெட்டு வருஷம் வரும் அங்கிள்."

"அப்போ என்னைவிட ஜாஸ்தி" என்று சிரித்தார். மருமகள் டீயும் பன் பட்டர் ஜாமும் கொண்டுவந்து வைத்தார். லாயிட் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற சிலிண்டரைக் காலால் தட்டிக் காட்டினான்.

"இதைத் திருப்பிக் குடுத்துரட்டா கேசவா? ரூம்ல நடக்க எடமில்ல. பையன் தடுக்கித் தடுக்கி விழறான்."

"உன் இஷ்டம்" என்றேன்.

எழுதுவதற்கு முன் வாயால் சொன்னபோது, இந்த இடத்தில் நாகேஷ் என்னை நிறுத்தி, வேண்டாம், வைத்துக்கொள் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அவர் குரல் அப்போது மாறியிருந்தது. யோசித்துத்தான் பதில் சொன்னேன். சிலிண்டர் வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று கேட்பான். இயந்திரத்தின்மேல் உனக்கே நம்பிக்கை இல்லையா என்பான். வீடு அவனுடையது, சிலிண்டர் அவனுடையது, கையேடும் அவன் கையில்தான் இருந்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அதன் பிறகு தினமும் காலையில் லாயிட்டைப் பார்த்ததும், "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்பேன். இயந்திரம் நின்றுவிட்டதா என்று நேராகக் கேட்க முடியாது. "சூப்பரா இருக்காரு கேசவா. நேத்து கேட் வரைக்கும் நடந்தாரு" என்பான். கூடப் பிறந்தவன்கூட இப்படி விசாரிக்கமாட்டான் என்று கேண்டீனில் எல்லோரிடமும் சொன்னானாம். அடுத்த முறை என் கணக்கைப் பற்றி டைரக்டர் இழுத்துப் பேசியபோது, "சார், கேசவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எனக்காகப் பரிந்து பேசியதும் அவன்தான். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவன் சிரித்துக் கேலி செய்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள். பெரியவர்தான் கூப்பிடச் சொன்னாராம். பிரியாணி போட்டார்கள். பெரியவர் நீளமான குழாயை இழுத்துக்கொண்டு மேஜைவரை வந்து உட்கார்ந்து, எனக்கு எலும்பில்லாத துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார். சாப்பிட்டு முடித்து எல்லோரும் சமையலறைப் பக்கம் இருந்தபோது நான் அவர் அறைக்குப் போய் இயந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்வில் ஓர் ஒழுங்கின்மை வந்துவிட்டிருந்தது. எனக்குப் பயம் வந்தது. பயம் என்றே சொல்கிறேன், வேறு பெயர் வைக்கவில்லை. மறுநாள் காலையில் நல்லதாக ஒன்றைக் கொண்டுவந்து மாற்றிவிட்டுப் போகலாம். சும்மா ஒரு செக்கப் என்றால் லாயிட் நம்புவான். அவன் எதையும் நம்புவான். ஆனால் இவ்வளவு தூரம் வந்தபின் மாற்றினால் அந்தப் புள்ளி வீணாகிவிடும். ஏற்கெனவே ஓசூரில் ஒன்று வீணாகியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகும் அது நிற்கவில்லை. என் கணக்குப்படி நின்றிருக்க வேண்டிய காலம் நெருங்கி, முடியப்போகிற நிலைக்கு வந்தது. லாயிட் எனக்குத் தெரியாமல் வால்வை மாற்றிவிட்டானோ என்று சந்தேகம் வந்தது. சர்வீஸ்காரன், அவனுக்கு அது அரை மணி வேலை. ஏதோ சாக்கு வைத்து, இயந்திரத்தின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். சீல் பிரிக்கப்படவில்லை. நிம்மதியாக இருந்தது.

அது நின்றது ஒரு வேலை நாளில், முற்பகலில். மருமகள் வேலைக்குப் போயிருந்தார், பையன் பள்ளியில், வீட்டு வேலை செய்யும் பெண் முடித்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். அலாரம் அடித்திருக்கிறது. அதில் எந்தக் குறையும் இல்லை. மாடியில் குடியிருப்பவர்கள் யாரோ கார் ரிவர்ஸ் எடுக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். பெரியவர் தலையணைக்குப் பக்கத்தில் போன் இருந்தது. அவர் மகனைக் கூப்பிட்டிருக்கிறார்.

லாயிட் அப்போது ஹெப்பகோடியில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். நான் இரண்டு கூட்டங்களைப் பற்றி மறுபடியும் விளக்கிக்கொண்டிருந்தேன். மரியாதைக்காகப் போனை சைலன்ட்டில் போட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தான். அந்தப் போனின் ஓரத்தில் வெளிச்சம் வந்து மறைந்தது. மறுபடியும் வந்தது. திரும்பவும் வந்தது. நான் நின்றுகொண்டு பேசியதால் எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. எத்தனையோ பேர் கூப்பிடுவார்கள், கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிறவர்களாகக்கூட இருக்கலாம். நான் பேச்சை நிறுத்தவில்லை. முக்கியமான இடத்தில் இருந்தேன், கோடு எங்கே மடங்குகிறது என்று காட்டிக்கொண்டிருந்தேன். லாயிட் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடக்கத்துக்குப் போனேன். சவப்பெட்டி முன்னறையில் இருந்தது, எல்லோரும் அங்கே பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பெரியவர் அறைக்குப் போய், இயந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்னால் குனிந்து, எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டரைப் படித்தேன். என் கணக்கு சொன்ன எல்லைக்குள்தான் இருந்தது. குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன் போலிருக்கிறது. தோளில் ஒரு கை விழுந்தது. லாயிட். நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

"விடு கேசவா" என்றான்.  "மிஷின்னா ஒரு நாள் நிக்கத்தான் செய்யும். உன் தப்பு இல்ல. நான்தான் போனை எடுக்கல."

அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. தவறு அவனுடையது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அப்போதும் எனக்கு அந்த மீட்டரின் எண் மறந்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

அந்தப் புள்ளியை என் வரைபடத்தில் சேர்த்தேன். இங்கேதான் நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். கிருத்திகாவின் கண் கூர்மையானது, நானே பழக்கியது. "சார், இந்தப் புது பாயின்ட் எந்த மிஷின்?" என்று கேட்டார். ஓசூர் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாதது எனக்கு ஒரு வகையில் பெருமையாகக்கூட இருந்தது. நான் இல்லாதபோது, இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க நான் எழுதிய நிரலைத் திறந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். சாலமன் அங்கிளின் இயந்திரத்தின் எண் வந்தது. பிறகு கிடங்கில் மிச்சமிருந்த பச்சை ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, நடுங்குகிறவற்றைக் கண்டுபிடித்தார். லாயிட்டிடம் சொன்னது அவர்தான். லாயிட் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போலீசுக்குப் போனான்.

ஆனால் கிருத்திகா அதற்கு முன் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். அது புரிய ஒரு சின்ன விளக்கம் வேண்டும். கணினி தருகிற தற்செயல் உண்மையான தற்செயல் இல்லை. அதற்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அதே எண்ணைக் கொடுத்தால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான் வரும். எண்ணை மாற்றினால் விடை மாறும். அதனால் எங்கள் தொழிலில் ஓர் ஒழுக்கம் உண்டு. எண்ணை ஒருமுறை வைத்துவிட்டு, வருவதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் எப்போதும் ஒன்று என்றே வைப்பேன். சிலர் தங்கள் பிறந்தநாளை வைப்பார்கள். அதைக்கூட நான் சந்தேகமாகத்தான் பார்ப்பேன்.

"சார், ஆறு வருஷமா பார்க்கறேன், நீங்க எப்பவும் ஒண்ணு தானே வெப்பீங்க?" என்றார் கிருத்திகா. உட்காரவில்லை, நின்றபடியே கேட்டார். "லாயிட் சார் அப்பாவுக்கு மட்டும் ஏன் இருபத்திமூணு?"

அதற்கான பதிலை உங்களிடம் சொல்கிறேன், மொழிபெயர்ப்பவர் இதைச் சரியாக எழுத வேண்டும். ஒன்றில் தொடங்கி இருபத்திரண்டு வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் கணினி சாலமன் அங்கிளுக்கு நல்ல இயந்திரத்தைத்தான் எடுத்துக் கொடுத்தது. அவற்றை நான் ஒத்திகை என்று எடுத்துக்கொண்டேன். இருபத்துமூன்றாவது முறை வந்ததுதான் தற்செயல். அதில் நான் தலையிடவே இல்லை.